சகோதரருக்குத் தெரிவிக்கப்பட்டது

ஆங்கிலத்தில் வருகிற கடிதங்களை எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கு வாசித்துச் சொல்வது முப்பது வருடமாக என் வேலை. யாரும் நியமிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் என்றால் வீட்டிலும் அவள் இங்கிலீஷ் டீச்சர்தான் என்பது உட்துறைமுகத்துப் பக்கத்துச் சனங்களின் நினைப்பு. விசா மறுத்த கடிதம், காப்புறுதிக் கடிதம், கப்பல் கொம்பனி பிள்ளையை வேலையால் நிறுத்திய கடிதம், எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் வரும். நான் சோற்றுக் கையோடு வாசிப்பேன்.

அப்படி வாசித்து வாசித்து ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இங்கிலீஷ்காரன் கெட்ட செய்தியை ஒருபோதும் நேரே சொல்லமாட்டான். 'இத்தருணத்தில் இயலாதுள்ளது' என்றால் எத்தருணத்திலும் இல்லை என்று அர்த்தம். 'உங்கள் ஆர்வத்தை மெச்சுகிறோம்' என்றால் அடுத்த வரியில் கதவு சாத்தப்படும். ஒருவனை வேலையால் கலைத்துவிட்டு 'விடுவித்திருக்கிறோம்' என்று எழுதுவான், ஏதோ அவன் அதுவரை மறியலில் அடைபட்டுக் கிடந்த மாதிரி. உண்மையான விஷயத்தை எங்கேயாவது ஓர் அடைப்புக்குறிக்குள் சின்னதாக வைத்திருப்பான். ஒழுங்கைச் சனத்துக்கு வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது அந்த அடைப்புக்குறியைத்தான்.

வகுப்பில் மட்டும் நேர்மாறாகப் படிப்பித்தேன். அடைப்புக்குள் இருப்பதை எடுத்துவிட்டு வாசித்தாலும் வசனம் நிற்கும், பரீட்சையில் நேரம் போதாவிட்டால் அதைத் தாண்டிப் போங்கள் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன். பாடப்புத்தகம் அப்படித்தான் சொன்னது.

நாங்கள் மட்டும் என்ன திறமா? வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்றால் ஏசுவோம், 'வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். செத்தவரை 'மோசம் போயிட்டார்' என்போம். சாகக் கிடக்கிறவருக்குக் 'கொஞ்சம் கடுமை'. பூசி மெழுகுவதில் எங்களை மிஞ்ச இங்கிலீஷ்காரனாலும் ஏலாது. இரண்டு மொழியும் தெரிந்தவள் என்பதால் எனக்கு இரண்டு பக்கத்துப் பூச்சும் கைவந்திருந்தது. அதுவே என் கெட்டகாலமாகப் போயிற்று.

என் கணவர் படகு எஞ்சின் திருத்துபவர். வீட்டோடு ஒட்டின தகரக் கொட்டிலில் எந்நேரமும் இரண்டு மூன்று எஞ்சின்கள் வயிறு திறந்தபடி கிடக்கும். சாம்பல்தீவு, குச்சவெளிப் பக்கத்து மீனவர்கள் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். அவரோடு கூட வேலை செய்தவர் ஒரு மூதூர்க்காரர், முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர். இருவரும் முந்தி மூதூருக்கு ஆள் ஏற்றும் லாஞ்சில் ஒன்றாக வேலை செய்தவர்கள். பாலங்கள் வந்து லாஞ்சுக்கு ஆள் குறைந்த பிறகு இருவருமாகக் கொட்டிலுக்கு வந்துவிட்டார்கள். அங்கே அவர்கள் செய்த முதல் வேலை சண்டை பிடிப்பது, இரண்டாவதுதான் எஞ்சின். "அண்ணன், அந்த நட்டை இவ்வளவு இறுக்காதீங்க எண்டு சொன்னன்தானே!" என்று அவர் கத்துவார். "நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம்!" என்று இவர் கத்துவார். குசினிக்குள் நின்று கேட்டால் கொலை விழப்போகிறது என்று தோன்றும். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் ஒரு கோப்பை பிளேன்ரீயை இருவரும் பாதி பாதியாகக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

போன மாரி முடிந்த கையோடு என் கணவருக்குக் கண் மஞ்சளானது. சாப்பாடு இறங்கவில்லை. உடுப்புகள் தொளதொளத்துப் போயின. வயிற்றுக்குள் ஒரு கட்டி இருக்கிறது, வடிவாகச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று இங்கே உள்ள டொக்டர் வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு எழுதித் தந்தார். அங்கே குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொல்லும் நாளில் எனக்குப் பரீட்சை மேற்பார்வை. கேட்டிருந்தால் வேறு ஆளைப் போட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. "ரிசல்ட் எடுக்கத்தானே, நான் இவனோட போட்டு வாறன்" என்று அவர் சொன்னார். இவன் என்றது மூதூர்க்காரரை. நானும் சரி என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பாரதூரமான வருத்தத்தை நோயாளிக்குச் சொல்வதில்லை. சொந்தக்காரர் ஒருவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார்கள். சொன்னதாகக் கிளினிக் புத்தகத்தில் ஒரு குறிப்பும் எழுதுவார்கள். எழுதிவிட்டு அந்தப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பார்கள்? நோயாளியிடம். அவர் அதை ஷொப்பிங் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் வருவார். அது இங்கிலீஷில் இருக்கும் வரைக்கும் பூட்டின அலுமாரி மாதிரி. எங்கள் வீட்டில் அதன் திறப்பு என்னிடம் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அவர் முகம் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்து புத்தகத்தை நீட்டினார். "வாசியும் பாப்பம், என்ன எழுதியிருக்கிறாரெண்டு" என்றார். நான் விரித்தேன். குளிசைகளின் பெயர்கள் நாலு. அதற்குக் கீழே 'பெஸ்ட் சப்போர்ட்டிவ் கெயார்'. அதற்கும் கீழே, அடைப்புக்குள், சகோதரருக்குத் தெரிவிக்கப்பட்டது.

சகோதரர் என்ற சொல்லைக் கண்டதும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, நம்புங்கள். அவருக்கு ஆண் சகோதரம் கிடையாது. மூன்று அக்காமார், மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்படியானால் புத்தகம் மாறிவிட்டது, இது யாரோ பாவப்பட்ட மனிசனுடைய வருத்தம் என்று ஒரு கணம் அப்படியே மிதந்தேன். அட்டையைத் திருப்பினேன். அவருடைய பெயர். எங்கள் விலாசம். நான் உறை போட்ட அதே மண்ணிறக் கடதாசி.

"என்னவாம்?" என்றார்.

எவ்வளவு நாசமான சொற்கள் அவை. குணப்படுத்த இனி ஒன்றும் இல்லை, நோவைக் குறைத்து வைத்திருங்கள் என்பதற்கு 'மிகச் சிறந்த' என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் என் கையில் அகப்பட்டிருந்தால் வகுப்பு வாங்கின் மேல் ஏற்றி நிற்பாட்டியிருப்பேன். ஆனால் நான் என்ன செய்தேன்? சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன். "மிகச் சிறந்த பராமரிப்புத் தரோணுமாம்" என்றேன். அடைப்புக்குறியைத் தாண்டிப் போனேன். என் மாணவிகளில் யாரும் அவ்வளவு கெட்டித்தனமாகச் செய்திருக்கமாட்டார்கள்.

அவர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண்ணெய்த் தகரங்களில் பார்த்துப் பார்த்து அந்த ஒரு சொல் அவருக்குத் தெரியும். "ஓம், பெஸ்ட் எண்டு எழுதியிருக்கிறார்!" என்று முகம் மலர்ந்துபோனார். அடுத்த ஒரு கிழமை எஞ்சின் கொண்டுவந்த அத்தனை பேருக்கும் அதைச் சொன்னார். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடு மாதிரித் திரிந்து, கொட்டில் வாசலில் வாழைத்தோல் தேடி வந்து நிற்கிற மானுக்குச் சொல்லாததுதான் குறை.

மகளுக்கும் போனில் சொன்னார். எங்களுக்கு ஒரே பிள்ளை. கனடாவுக்குப் போய் நாலு வருடம், இன்னும் ஒருமுறைகூட வந்து போகவில்லை. தகப்பனுக்குச் சுகமில்லை என்றதும் வேலையில் கேட்டு லீவு எடுத்து வைத்திருந்தாள். "இப்ப வராத பிள்ளை" என்றார் அவர். "இப்ப வந்தால் நான் படுத்துக் கிடக்கிறதைத்தான் பாப்பாய். ஆவணியில வா. எழும்பித் திரிவன். உன்னைப் படகில ஏத்திக்கொண்டு மூதூருக்குப் போவன்." அவள் என்னைக் கேட்டாள், "அம்மா, அப்பிடியோ?" என்று. நான் பக்கத்தில் நின்றேன். "அப்பா சொல்லுறார்தானே" என்றேன். அது பொய்யும் இல்லை.

புத்தகம் வாசித்த மறுநாள் காலையிலேயே, என் கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கொட்டிலுக்குப் போனேன். மூதூர்க்காரர் ஒரு எஞ்சினுக்கு முன்னால் குந்தியிருந்தார். "டொக்டர் ஆருக்குச் சொன்னவர்?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. கையில் இருந்த, நட்டுக் கழற்றும் சாவியைத் துணியால் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேற்றில ஒரு ஆளத்தான் கூட விடுவம் எண்டாங்க டீச்சர். நீ யாரெண்டு கேட்டாங்க. தம்பி எண்டன். வேற என்ன சொல்ற? கூட்டாளி எண்டா விடமாட்டாங்களே."

இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் எங்களில் எல்லாரும் எல்லாருக்கும் சகோதரம்தான். பக்கத்து வீட்டுக்காரி மருமகளாவாள், ஓட்டோக்காரர் மச்சான் ஆவார். நானே எத்தனை பேருக்குத் தங்கச்சியாக உள்ளே போயிருக்கிறேன். ஆனால் ஒருவர் நெற்றி நிறையத் திருநீறு, மற்றவர் தலையில் தொப்பி. காவல்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. டொக்டருக்கு வெளியே நின்ற சனத்தில் நிமிர நேரமில்லை.

"உள்ளுக்கு டொக்டர் 'பிரதர்?' எண்டு கேட்டார். அந்த நேரம் இல்ல எண்டு சொல்ல ஏலுமா டீச்சர்? பொய் சொல்லி வந்தவன் எண்டு என்ன வெளிய போட்டா அண்ணன் தனிய நிப்பார். ஓம் எண்டன். அண்ணன வெளிய இருக்கச் சொல்லிட்டு, ஒரு நேர்ஸ் மிஸ்ஸியக் கூப்பிட்டுத் தமிழில சொல்ல வச்சார். ஒண்டும் செய்ய ஏலாதாம். ஊட்டுல வச்சிப் பாக்கட்டாம்."

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"புத்தகத்துல எழுதியிருக்கு எண்டு மிஸ்ஸி சொன்னா. நீங்க படிச்சவங்க, வாசிச்சு விளங்கிக்குவீங்க எண்டு நினச்சன். எண்ட வாயால அத எப்படிச் சொல்ற?" என்றவர் முகத்தை அந்த எண்ணெய்த் துணியாலேயே துடைத்துக்கொண்டார். "நீங்க அண்ணனுக்குச் சொல்லிட்டீங்களா?"

டொக்டர் அவரிடம் கொடுத்தார், அவர் என்னிடம் கொடுத்தார், நான் யாரிடமும் கொடுக்காமல் நின்றேன். உள்ளே என் கணவர் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஏதோ பழைய பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கொட்டிலில் சண்டை நின்றுவிட்டது. இவர் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அவர் "சரி அண்ணன்" என்பார். பிழையாகச் சொன்னாலும் "சரி அண்ணன்". என் கணவருக்கு அது பொறுக்கவில்லை. "இவனுக்கு என்ன பிடிச்சது? நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறான்" என்று என்னிடம் முறைப்பட்டார். வீட்டில் ஏதும் பிரச்சினையாக்கும் என்று நான் அதையும் பூசிவிட்டேன்.

அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் நானே கூடப் போனேன். டொக்டர் தமிழ் தெரியாத சின்னப் பெடியன், என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. நல்ல மாதிரி. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று கண்டதும் அவருக்குப் பெரிய ஆறுதல். என் கணவரின் தலைக்கு மேலால் என்னோடு கதைத்தார். 'இந்தக் கட்டத்தில்' என்றார். 'கம்ஃபட்டபிள்' என்றார். 'எதிர்பார்ப்புகளை அதற்கேற்ப' என்று ஏதோ சொன்னார். நான் இங்கிலீஷில் தலையாட்டினேன். நடுவில் இருந்த மனிதர், யாருடைய வயிற்றைப் பற்றிக் கதைக்கிறோமோ அவர், ஒருமுறை டொக்டரின் முகத்தையும் ஒருமுறை என் முகத்தையும் பார்த்தபடி பந்து விளையாட்டுப் பார்க்கிற பிள்ளை மாதிரி இருந்தார். இருவருக்கும் பொதுவாகச் சிரித்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில், "என்னவாம்?" என்று கேட்டார். "உங்களை வசதியா வைச்சிருக்கட்டாம்" என்றேன். "ஓ, அதைத்தானே நீர் செய்யிறீர்" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். வழியில் கந்தளாய் எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியாது.

சொல்ல வெளிக்கிடாமல் இருக்கவில்லை. மூன்று முறை வெளிக்கிட்டேன். ஒருமுறை அவருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது. ஒருமுறை கோயிலுக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றியபோது. மூன்றாவது முறை சாப்பாட்டு மேசையில், "இஞ்சேருங்கோ" என்று தொடங்கியேவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் கண்கள். "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ?" என்று கேட்டேன். எந்த இடத்தில் தொடங்கினாலும் என் வாய் சோற்றில்தான் போய் முடிந்தது. ஆவணி ஒவ்வொரு நாளாகக் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது, அவரோ ஒவ்வொரு நாளாகக் குறைந்துகொண்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம் கொட்டிலில் ஒரு சின்ன எஞ்சினைத் தூக்கப் பார்த்திருக்கிறார். ஏலவில்லை. மூதூர்க்காரர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதிரையில் இருத்திவிட்டுத் திரும்பிப் போனார். நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தபோது இவர் கிளினிக் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். எண்ணெய் படிந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த வளைஞ்ச கோடு ரெண்டுக்கும் நடுவில இருக்கிறதை நீர் வாசிக்கிறேல்லை" என்றார்.

"அது தேவையில்லாதது."

"தேவையில்லாததை டொக்டர் ஏன் எழுதுறார்? வெளிய அவ்வளவு சனம் நிக்குது. அந்த மனிசனுக்குத் தண்ணி குடிக்க நேரமில்லை."

நான் தேசிக்காய்த் தண்ணீரை நீட்டினேன். அவர் விரலை எடுக்கவில்லை.

"வாசியும்."

"சகோதரனுக்குச் சொல்லியாச்சாம்" என்றேன்.

"ஆற்ற சகோதரனுக்கு?"

"உங்கட."

"எனக்கு எங்க சகோதரன்? மூண்டு அக்காமாரெல்லோ." புருவத்தைச் சுருக்கினார். பிறகு கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர் முகத்தில் அது ஏறுவது தெரிந்தது. "கேற்றில தம்பி எண்டு சொன்னவன்" என்றார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "தொப்பியும் போட்டுக்கொண்டு!" சிரித்துச் சிரித்து இருமினார். இருமி முடிந்தபோது சிரிப்பு போய்விட்டது. "அதுதான் அவன் என்னோட சண்டை பிடிக்கிறேல்லை."

தேசிக்காய்த் தண்ணீர் கையில் இருந்தது.

"அவனுக்கு என்ன சொன்னவை?"

நான் அழத் தொடங்கினேன். அதைத்தான் நான் சொன்ன பதிலாக அவர் எடுத்துக்கொண்டார். என் கையில் இருந்த கோப்பையை வாங்கி மேசையில் வைத்தார். "அப்ப பெஸ்ட் எண்டு எழுதினது?" என்று கேட்டார், ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோல. நான் தலையாட்டினேன். இல்லை என்றா, ஓம் என்றா, எனக்கே தெரியாது.

"எல்லாருக்கும் தெரியும்" என்றார். "டொக்டருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், உமக்குத் தெரியும். நான் விசரன் மாதிரி ஊர் முழுக்கப் பெஸ்ட் எண்டு சொல்லித் திரிஞ்சிருக்கிறன்." எங்கள் கலியாணக் காலம் முழுக்க அவர் என்னை ஏசியதில் அந்த ஒருமுறைதான் எனக்கு வலித்தது. நியாயமான ஏச்சு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தகரக் கொட்டிலில் சுத்தியல் சத்தம்கூட இல்லை. அந்த மனிதர் அங்கே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"பிள்ளைக்குப் போன் எடும்" என்றார் கண்ணைத் திறவாமலே. "நேரச் சொல்லும். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாது, கொஞ்சம் கடுமை, அந்தக் கதையெல்லாம் வேண்டாம். வரச் சொல்லும்."

எடுத்தேன். அங்கே விடியப்புறம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னம்மா? அம்மா, என்ன?" குரலில் பயம் ஏறியிருந்தது. எனக்கு முன்னால் அவர் இருந்தார், இப்போது கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு. இரண்டு மொழியில் எனக்குச் சொற்கள் தெரியும். வாயைத் திறந்தேன்.

"சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டினார். ஏசவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தார். "பிள்ளை, அப்பா" என்றார். "நான் சாகப்போறன். ஆவணி வரைக்கும் இருக்கமாட்டன். உன்னைப் பாக்கோணும், இப்ப வா." எஞ்சினில் என்ன பிழை என்று மீனவருக்குச் சொல்லும்போது வருகிற அதே குரல்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மகள் வந்து இறங்கினாள். மறுநாள் காலையில் கொட்டிலில் பெரிய சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கதிரையில் இருந்தபடி, "நட்டை இறுக்கடா" என்று கத்திக்கொண்டிருந்தார். மூதூர்க்காரர், "உங்களுக்கு ஒண்டும் தெரியா அண்ணன், சும்மா இருங்க!" என்று அழுதுகொண்டே கத்தினார். மகள் நடுவில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் வந்த நாளிலிருந்து முப்பத்தெட்டு நாள் அவர் இருந்தார். மூதூருக்குப் படகில் போக அவருக்கு ஏலவில்லை. பிறகு ஒருநாள் கலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்தேன். புத்தகம் வீட்டுக்கு வந்த பின்னேரத்திலிருந்து அந்தப் போன் வரைக்கும் எழுபத்திரண்டு நாள். அவையும் என் மகளுக்குச் சேரவேண்டிய நாட்கள்தான். அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் போன் எடுக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் சாப்பிட்டியா என்றுதான் கேட்கிறேன்.